மூன்றாண்டுக் கோப்பும் ஏற்காட்டுப் பூஞ்சையும்

கேள்வி: 1938-ல் தாத்தா போட்ட நில மனுவுக்குக் கலெக்டர் கச்சேரி அனுப்பிய பதிலில் 'கே.டிஸ்.' என்று எண் இருக்கிறது. மூலக் கோப்பு கிடைக்குமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அநேகமாகக் கிடைக்காது. கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் குறித்துவிடுவார்கள். 'டிஸ்.' என்பது 'டிஸ்போஸல்', அதாவது கோப்பை முடித்தல். எல்.டிஸ். என்றால் ஓராண்டு, கே.டிஸ். மூன்று, டி.டிஸ். பத்து, ஆர்.டிஸ். நிரந்தரம். இன்றைய தமிழ்க் கோப்புகளில் வரும் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. எல்லாம் அதே வரிசையில் அதன் தொடர்ச்சிதான் ('மு.' என்றால் முடிவு). கெடு முடிந்த கட்டுகளைக் கழித்ததால்தான் மற்றவற்றுக்கு அலமாரியில் இடம் கிடைத்தது. ஆனால் மனுவால் பட்டா மாறியிருந்தால் அது கிராமக் கணக்கில் ஏறியிருக்கும். கிராமம், சர்வே எண் சொல்லி அங்கே தேடுங்கள். இனாம் (வரி நீக்கியோ குறைத்தோ தந்த மானிய) நிலமென்றால் இனாம் பதிவேட்டையும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தின் பழைய பத்திரங்களில் பூஞ்சை. எழுத்து இருக்கும் இடத்தில் தாள் விரிசல் விடுகிறது. லேமினேஷன் செய்யலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: வேண்டாம். அந்தக் கால மையில் மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் உண்டு. அதன் அமிலமும் இரும்பும்தான் தாளை அரிக்கின்றன. லேமினேஷன் அமிலத்தை உள்ளேயே அடைத்துவிடும். பிறகு பிரிக்கவும் முடியாது. செல்லோ டேப்பும் கூடாது.

காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆகவே பனிமூட்ட நாளில் பத்திரக் கட்டைப் பிரிக்காதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் நிழலில் காற்றாட விரித்து, நன்றாகக் காய்ந்த பிறகு முகக்கவசத்தோடு மென்மையான தூரிகையால் வெளிப்புறமாகத் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சை தாளுக்குள் இறங்கிவிடும். வெயிலில் போட்டால் மை வெளுக்கும். துருப்பிடித்த குண்டூசிகளை இழுக்காமல் வளைத்து எடுங்கள்.

கிழிசலுக்கு மெல்லிய ஜப்பான் தாளும் ஸ்டார்ச் பசையும் போதும். ஸ்டார்ச்சுக்குச் சேலத்திலா பஞ்சம்! ஆனால் எழுத்தின் மேல் பசை படக்கூடாது. ஈரம் பட்டால் மையின் இரும்பு பரவி, புது இடத்தையும் அரிக்கும்.

கச்சேரிகளில் செய்ததுபோல, தாளைவிடச் சற்றுப் பெரிய அட்டைகளை மேலும் கீழும் வைத்துத் துணியில் கட்டுங்கள். அட்டை இல்லாவிட்டால் கயிறு ஓரத்தை அறுக்கும். இரும்புப் பெட்டி ஏற்காட்டுக் குளிரில் உள்ளே வியர்க்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிய திறந்த அலமாரியே நல்லது. முடிந்தால் கட்டைக் கீழே சேலத்து உறவினர் வீட்டில் வையுங்கள். மலையில் ஒரு நகல் போதும்.