புது முழங்காலோடு எப்போது மோட்டார் சைக்கிளில் ஏறலாம்?

கேள்வி: வயது 61. வத்தளையிலிருந்து புறக்கோட்டையில் உள்ள கடைக்குப் பல வருடமாக மோட்டார் சைக்கிளில்தான் போய்வருகிறேன். இப்போது வைத்திருப்பது 150 சிசி. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று வைத்தியர் சொல்லி, இரண்டு மாதத்தில் திகதி தந்திருக்கிறார். சீனி வருத்தமும் உண்டு. அதுவரை வலிக்கு முழங்காலில் ஊசி போடலாமா? எப்படித் தயாராக வேண்டும்? திரும்ப எப்போது ஓடலாம்? மகன் மோட்டார் சைக்கிளை விற்றுவிடச் சொல்கிறான்.

இயன்மருத்துவரின் பதில்:

ஊசி விசயத்தை முதலில் முடித்துவிடுவோம் ஐயா, அவசரம் அதற்குத்தான். போட வேண்டாம். மூட்டுக்குள் போடும் ஸ்டீரொயிட் ஊசிக்கும் சத்திரசிகிச்சைக்கும் இடையில் மூன்று மாதமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புது மூட்டில் கிருமி தொற்றும் ஆபத்துக் கூடுகிறது. வலி தாங்காமல் வேறொரு கிளினிக்கில் ஊசியைப் போட்டுக்கொண்டு சத்திரசிகிச்சை நிபுணரிடம் மூச்சே விடாதவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அண்மையில் போட்டிருந்தால் போட்ட திகதியோடு சொல்லிவிடுங்கள். சத்திரசிகிச்சை ஒரு மாதம் தள்ளிப்போனால் நட்டமில்லை. மூட்டுக்குள் கிருமி போனால் திரும்பவும் திறந்து கழுவ வேண்டிவரும், சில வேளை போட்ட மூட்டையே கழற்றவும் நேரும்.

மோட்டார் சைக்கிளை இப்போதே விற்க வேண்டியதில்லை. முழங்கால் மாற்றியவர்கள் பலர் திரும்பவும் ஓடுகிறார்கள். “எத்தனை கிழமை?” என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். கார் என்றால் அதற்கு ஏறத்தாழ ஒரு பதில் உண்டு: நான்கிலிருந்து ஆறு கிழமை. மோட்டார் சைக்கிளுக்குப் பொதுவாக மூன்று மாதம் என்று சொல்வோம், ஆனால் நான் கலண்டரைப் பெரிதாக நம்புவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது முழங்காலுக்கு வேலை குறைவு. நிற்கும்போதுதான் வேலை. காரை நிறுத்தினால் அது தன் நான்கு சக்கரத்தில் நிற்கும். மோட்டார் சைக்கிளை ஒவ்வொரு முறையும் உங்கள் கால்தான் பிடித்து நிறுத்துகிறது.

அதிலும் உங்களுக்கு மாற்றப்போவது இடது முழங்கால். சைட் ஸ்டாண்ட் இடது பக்கம் என்பதால், ஏறும்போது முழு உடம்பையும் தாங்கி ஒற்றையாய் நிற்பது இடது கால்தான். வலது காலைத் தூக்கி இருக்கைக்கு மேலால் போடும் அந்தக் கணத்தில் ஊன்றிய முழங்கால் சற்று முறுகவும் செய்கிறது. கியரும் அந்தக் காலில்தான். பேலியகொடையில் சிவப்பு விளக்கு விழுந்தால் வலது கால் பின் பிரேக்கில் இருக்கும், நிலத்தில் ஊன்றுவது இடது கால். நம் வீதிகள் நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிபவை. ஓரமாக நிறுத்தினால் இடது பாதத்துக்குக் கிடைக்கும் நிலம் கொஞ்சம் பள்ளமாக இருக்கும், வண்டியும் அந்தப் பக்கமே சாயப் பார்க்கும். 150 சிசி வண்டி ஒன்று 140, 150 கிலோ வரும். நேராக நிற்கும்வரை அந்தப் பாரம் தெரியாது.

வலது முழங்கால் மாற்றுகிறவர்களுக்குக் கவலை வேறு: பின் பிரேக்கைச் சட்டென்று மிதிக்கும் வேகம், இருக்கைக்கு மேலால் காலைத் தூக்குவது, பழைய வண்டியானால் கிக்கர். கிக்கர் அடிப்பதை அவர்கள் மறந்துவிடுவதே நல்லது.

இதனால்தான் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதைவிட எவ்வளவு நேராக நிமிர்கிறது என்பதை நான் முதலில் பார்ப்பேன். நோயாளிகள் எல்லாரும் மடிப்பதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள், “இன்றைக்குத் தொண்ணூறு வந்துவிட்டது” என்று. தொண்ணூறு பாகையும் வேண்டியதுதான். உங்கள் வண்டியின் மிதியில் கால் வைத்து இருக்க 90 முதல் 110 பாகை வரை தேவைப்படும். ஆனால் முழுதாக நிமிர்ந்த முழங்கால் பாரத்தை எலும்பின் மேல் எலும்பாகத் தாங்கும். பத்துப் பாகை மடங்கியே நிற்கும் முழங்காலில் தொடையின் முன்தசை ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். சத்திரசிகிச்சையில் மிக மோசமாகப் பலமிழப்பது அந்தத் தசைதான். வண்டி இடது பக்கம் சரியும்போது கால் “விட்டுப் போகிறது” என்பார்களே, அது இதுதான்.

ஆகவே இந்த இரண்டு மாத வேலையை இன்றே தொடங்குங்கள். முதலாவது, இரவில் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுப்பவரானால் அதை எடுத்துவிடுங்கள். அது சுகமாக இருக்கும், முழங்காலை மடங்கியபடியே இறுகவும் வைக்கும். அதற்குப் பதிலாகக் கட்டிலில் காலை நீட்டி, சுருட்டிய துவாயைக் குதிக்காலின் கீழே வைத்து, முழங்காலின் பின்பக்கத்தை மெத்தையில் படும்வரை அழுத்துங்கள். ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு நேரம். அதே தொடைத் தசையை இறுக்கிக்கொண்டு, முழங்கால் மடியாமல் காலை ஒரு சாண் உயர்த்தி இறக்குவது இரண்டாவது பயிற்சி. மூன்றாவது, கைப்பிடியுள்ள கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் எழும்பி இருப்பது. முடியாவிட்டால் கதிரையில் ஒரு தடித்த குஷன் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். வலது காலையும் விட்டுவிடாதீர்கள், முதல் சில கிழமை உங்களைச் சுமக்கப்போவது அதுதான்.

சீனிக்கு வருவோம். விடியற்காலையில் ஊசி குத்திப் பார்க்கும் கணக்கு இதற்குப் போதாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்து பாருங்கள். அது 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பல நிபுணர்கள் திகதியைத் தள்ளிவைப்பார்கள். சிலர் 7.5க்குக் கீழே கேட்பார்கள். அந்தச் சராசரி இறங்க மாதக்கணக்கில் எடுக்கும், கடைசிக் கிழமையில் சோற்றைக் குறைத்துப் பயனில்லை. சீனிக்குக் குடிக்கும் குளிசைகளில் எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் போன்றவை இருந்தால் சத்திரசிகிச்சைக்குச் சில நாள் முன்னரே நிறுத்தச் சொல்வார்கள். குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் காக்கும் மருந்துகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். குளிசை மட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சிகரட் இருந்தால் நான்கு கிழமைக்கு முன்னராவது விட வேண்டும், காயம் ஆறுவதற்கு அது நேரடி எதிரி.

மோட்டார் சைக்கிள்காரர்களிடம் நான் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பதுண்டு. மழையில் நனைந்த சப்பாத்தோடு நாள் முழுக்க இருப்பதால் விரலிடுக்கில் வெள்ளையாய் ஊறிப்போன சேற்றுப்புண் பலருக்கு இருக்கும். சீனி வருத்தமும் சேர்ந்தால் அது சின்ன விசயமில்லை, கிருமி உள்ளே போக அது ஒரு திறந்த கதவு. சூத்தைப் பல், சிறுநீர் எரிவு எல்லாம் இதே கணக்குத்தான், முதலில் அவற்றுக்கு வைத்தியம் செய்துகொள்ளுங்கள். சத்திரசிகிச்சைக்கு முந்தின நாள் துப்புரவாகப் போவோம் என்று வீட்டில் காலைச் சவரம் செய்யவும் வேண்டாம். பிளேட் பட்ட சின்னக் கீறலே போதும், திகதி தள்ளிப்போக.

வீட்டில் கொமட் இல்லாமல் குந்தும் மலசலகூடம் மட்டும்தான் என்றால் இப்போதே ஒரு கொமட் கதிரைக்கு ஏற்பாடு செய்யுங்கள். படுக்கை மாடியில் என்றால் கொஞ்ச நாளைக்குக் கீழே. கால்துடைப்பான்களைச் சுருட்டி ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் சமாளிக்கலாம்.

சத்திரசிகிச்சை அன்று மாலையோ அடுத்த நாளோ உங்களை எழுப்பி நடக்க வைப்பார்கள். பயப்பட வேண்டாம், புது மூட்டு அந்தப் பாரத்துக்காகவே செய்யப்பட்டது. பெரும்பாலும் கோபால்ட் குரோமியம் அல்லது டைட்டேனியம் உலோகம், நடுவில் கடினமான பொலிதீன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் உலோகச் சோதனைக் கதவு சத்தம் போடலாம், அவ்வளவுதான். வீட்டுக்குப் போகும்போது ஓட்டோ வேண்டாம். காரின் முன் ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளி, முதலில் இருந்துவிட்டுப் பிறகு கால்களை உள்ளே எடுங்கள்.

தையலோ கிளிப்போ பத்து முதல் பதினான்கு நாளில் எடுப்பார்கள். அந்தக் காலத்தில் வீட்டார் கொடுக்கும் தொல்லை ஒன்று உண்டு: கிரந்தி என்று மீன், முட்டை, றால் எல்லாவற்றையும் நிறுத்தி, ரசமும் சோறுமாகக் கொடுப்பது. காயம் ஆறவும் தொடைத் தசை திரும்பவும் புரதம் வேண்டும். உங்களுக்கு உண்மையிலேயே ஒவ்வாமை உள்ளதை மட்டும் விலக்குங்கள். முறிவு எண்ணெய் போட்டு உருவுவதும் வேண்டாம். கெண்டைக்கால் வீங்கி நோவெடுத்தால், மூச்சு வாங்கினால், காயத்திலிருந்து நீர் வடிந்தால், காய்ச்சல் வந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். முழங்கால் சூடாக இருப்பதும், நடக்கையில் டக் டக் என்பதும், தழும்பின் வெளிப்பக்கம் மரத்துக் கிடப்பதும் மாதக்கணக்கில் இருக்கக் கூடியவை, அவற்றுக்குக் கலங்க வேண்டாம்.

முதல் ஆறு கிழமை மோட்டார் சைக்கிள் பக்கமே போக வேண்டாம், பின்னால் ஏறிப் போவதும் கூடாது. பின்னுக்கு இருப்பவரின் மிதி உயரத்தில் இருப்பதால் முழங்கால் இன்னும் மடங்கும், ஏதும் நடந்தால் உங்கள் கையில் பிரேக்கும் இல்லை. டிரமடோல், பிரிகபலின் போன்ற மயக்கம் தரும் வலி மருந்துகள் எடுக்கும் காலத்தில், கால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எந்த வாகனமும் ஓட்டக்கூடாது.

அதற்குப் பிறகு நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பொல்லில்லாமல், நொண்டாமல் நடக்கிறீர்களா? சுவருக்குப் பக்கத்தில் இடது காலில் மட்டும் பத்து விநாடி நிற்க முடிகிறதா? படியில் இடது காலை முதலில் வைத்து ஏற முடிகிறதா? மூன்றும் ஆம் என்றால் வண்டியை முற்றத்தில் டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினைப் போடாமல் ஏறி இருங்கள். ஸ்டாண்டைப் போடும் வேலையை மகன் செய்யட்டும், அந்த உதையும் இழுப்பும் உங்களுக்கு இன்னும் பல மாதத்துக்கு வேண்டாம். மிதியில் கால் வைத்துக் கியரை மேலும் கீழும் மாற்றிப் பாருங்கள். பிறகு வண்டியை இறக்கி, மகன் பின்னால் பிடித்திருக்க, மெல்ல இடது பக்கம் சாய்த்துப் பாரத்தை வாங்குங்கள். முழங்கால் நடுங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். நடுங்காவிட்டால் மிதியிலிருந்து காலைச் சட்டென்று எடுத்து ஊன்றிப் பாருங்கள். ஆட்டோ ஒன்று குறுக்கே வெட்டினால் நடக்கப்போவது அதுதான்.

வலது காலை ஊன்றி நிறுத்தப் பழகலாமே என்று சிலர் கேட்பார்கள். நல்ல பழக்கம், முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். ஆனால் திடீரென்று நிறுத்தும்போது பல வருடப் பழக்கத்தில் போய் விழுவது இடது கால்தான். அந்தக் கால் தாங்கும்வரை வீதிக்கு வர வேண்டாம். தாங்கியதும் சத்திரசிகிச்சை நிபுணரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு, ஞாயிறு விடியற்காலையில் ஒழுங்கைக்குள் நின்று நின்று ஓடிப் பாருங்கள். அடுத்த நாள் முழங்கால் வீங்காவிட்டால் தூரத்தைக் கூட்டலாம். வத்தளை, புறக்கோட்டை நெரிசலை ஆகக் கடைசிக்கு வையுங்கள், மழைக்காலமானால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.

மகனோடு சண்டை வேண்டாம் ஐயா, அவர் சொல்வதில் பாதி சரி. விற்பதைவிட ஸ்கூட்டிக்கு மாறுவதை யோசியுங்கள். காலைத் தூக்கிப் போடத் தேவையில்லை, கியர் இல்லை, இரண்டு பிரேக்கும் கையில், பாதம் இரண்டும் முன்னால் தட்டையாக. வாங்கும்போது கடையிலேயே ஏறி இருந்து பாருங்கள்: இரண்டு உள்ளங்காலும் முழுதாக நிலத்தில் பதிய வேண்டும், நுனிவிரல் மட்டும் பட்டால் அது உங்களுக்கான வண்டியல்ல. என் எண்ணத்தில் உங்கள் வயதுக்கும் பாதைக்கும் அதுவே பொருத்தம். 150 சிசியில்தான் மனம் நிற்கிறது என்றால் அதையும் நான் தடுக்க மாட்டேன்.

ஓட்டினால் புது மூட்டு தேயுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். 2019இல் லான்செட் மருத்துவ ஏட்டில் வந்த ஆய்வின்படி முழு முழங்கால் மாற்றுகளில் ஏறத்தாழ 82 சதவீதம் 25 வருடம் நிலைக்கின்றன. வண்டியில் இருந்து போவது மூட்டுக்குப் பெரிய தேய்மானமில்லை. பயம் விழுவதில்தான், ஏனென்றால் உலோகத்தைச் சுற்றி எலும்பு முறிந்தால் அதைச் சரிசெய்வது சாதாரண முறிவைவிடக் கடினம். எப்போதாவது விழுந்து அந்த முழங்கால் அடிபட்டால், எழும்பி நடக்க முடிந்தாலும் சரி, அன்றே எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். மூட்டு மாற்றியது என்பதை எக்ஸ்ரே எடுப்பவரிடம் மட்டுமல்ல, பார்க்கும் வைத்தியரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.