அந்தப் பெட்டிக்கு வியர்க்காது

அன்புள்ள சார்,

பிறந்து வளர்ந்தது மலையில். வேலை கிடைத்துப் போனது கடல் வாடையே படாத வறண்ட சமவெளி, அங்கே பன்னிரண்டு வருடம். இப்போது ஆறு மாதமாகக் கடற்கரை ஊர். 40 டிகிரியில் வெளியே அலைந்தவன் இங்கே 32-க்கே துவண்டு போகிறேன். கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். உடம்பு பலவீனமாகிவிட்டதா? மூன்றில் சிறுவயது மலைதான் சொர்க்கம் என்று தோன்றுகிறது. எந்த மாதிரி ஊர் உடம்புக்கு நல்லது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது, முந்தின நாள் துவைத்துப் போட்ட துண்டு இன்னும் காயாமல் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து எரிச்சலில் இருந்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

மலையை முதலில் முடித்துவிடுவோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும், சரி. ஆனால் சிறுவயது ஊரின் நல்ல மாதத்தை எடுத்து இன்றைய ஊரின் கெட்ட மாதத்தோடு மோத விட்டால் எது ஜெயிக்கும்? அங்கே உதடு வெடித்ததும் விடியற்காலையில் போர்வையை விட்டு எழ முடியாமல் கிடந்ததும் எங்கே போயின? விடுங்கள்.

எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். ஒரு எண்ணை நம்பி உங்கள் உடம்பையே சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். அந்த 32-ம் 40-ம் வெயில் படாமல், காற்று மட்டும் புகும்படி பலகைச் சட்டங்கள் வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் அளந்தவை. அந்தப் பெட்டிக்கு வியர்க்காது. உங்களுக்கு வியர்க்கும்.

என் அப்பாவிடம் ஒரு பலகை இருந்தது. அதில் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் மட்டும் விளக்குத்திரி மாதிரி ஒரு துணி சுற்றியிருக்கும், அதன் வால் கீழே சின்னக் குப்பித் தண்ணீரில் கிடக்கும். குப்பியில் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. நாங்கள் இருந்த வறண்ட ஊரில் கோடையில் ஒன்று 40 காட்டினால் ஈரத்துணிக்காரன் 22-ல் நிற்பான். பிறகு கடலோரத்துக்கு மாற்றலாகிப் போனோம். முதல் நாள் பார்க்கிறேன், 32, 29. லாரியில் வந்ததில் உடைந்துவிட்டது, அடி விழப்போகிறது என்று பயந்துகொண்டு நின்றேன். அப்பா சிரித்தார். "உடையலடா, இந்த ஊர்க் காத்துக்குத் தாகம் இல்ல" என்றார்.

நாம் அந்த ஈரத்துணிக்காரன். ஒரு கிராம் வியர்வை தோலிலேயே காய்ந்தால் கிட்டத்தட்ட 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், உணவில் சொல்கிற கலோரி இல்லை, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காயாமல் வழிந்து சொட்டினால் நஷ்டம்தான், உடம்பு குளிராது. 40 டிகிரியில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 10 கிராம் நீராவி. 32 டிகிரியில் 80 சதவீதம் என்றால் 27 கிராம். ஏற்கெனவே வயிறு நிறைந்த காற்று உங்கள் வியர்வையை எங்கே வாங்கும்? பழைய ஊரில் எனக்கு வியர்க்கவே வியர்க்காது என்று நினைத்திருப்பீர்கள். சட்டைக் காலரில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைக் கோடு விழுமே, அது என்ன என்று நினைத்தீர்கள்? கண்ணில் படுவதற்குள் காய்ந்துபோன வியர்வையின் உப்பு.

சிரிக்கிறவர்களின் உடம்பு பழகிய உடம்பு, அவ்வளவுதான். தினமும் கொஞ்ச நேரம் சூட்டில் நடமாடினால் ஒன்றிரண்டு வாரத்தில் வியர்வை சீக்கிரமே தொடங்கும், நிறைய வரும், அதில் உப்பும் குறையும். ஆறு மாதமாகியும் பழகவில்லை என்றால் நீங்கள் வீட்டிலும் ஏசி, வண்டியிலும் ஏசி, ஆபீஸிலும் ஏசி என்று இருக்கிறீர்களோ என்று சந்தேகம். அப்படியானால் நீங்கள் இன்னும் அந்த ஊருக்குக் குடிவரவே இல்லை. அதற்காக நாளைக்கே வீராப்பாக மதிய வெயிலில் ஓடப்போகாதீர்கள். ஈரத்துணிக்காரன் 35-ஐத் தொட்டால் எந்தப் பழக்கமும் யாரையும் காப்பாற்றாது, அதற்கு வெகு கீழேயே ஆட்கள் சுருண்டு விழுகிறார்கள்.

எந்த ஊர் நல்லது என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா. தெரிந்தால் நான் அங்கே போயிருக்க மாட்டேனா?

அப்பாவின் பலகை இப்போது என் ஜன்னலோரம் இருக்கிறது. இன்று காலை 31, 28. துண்டு நாளைக்கும் காயாது.