நாலு விரல் அகல ரிப்பனுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

பழைய நாணயம், தபால்தலை பற்றித்தான் வழக்கமாகக் கேட்பீர்கள். சென்ற மாதம் ஜெர்மன் ராணுவ ரிப்பன் பட்டை பற்றி இரண்டு வரி எழுதியதும் வெளிநாட்டு வாசகர்களிடமிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: சிப்பாய்கள் முழுப் பதக்கத்தை அணிவகுப்பு, விழா நாட்களில் மாட்டிக்கொள்வார்கள். மற்ற நாட்களில் பதக்கத்துக்குப் பதிலாக அதன் ரிப்பன் துண்டை மட்டும் ஒரு தகட்டில் சுற்றி, இடது மார்புப் பைக்கு மேலே குத்திக்கொள்வார்கள். அதுதான் ரிப்பன் பட்டை. ஒவ்வொரு நிறமும் ஒரு பதக்கத்தைச் சொல்லும்.

கேள்வி: பெர்லினில் வேலை பார்க்கிறேன். ‘17 ஜூன்’ என்ற பெயருள்ள சாலையில் நடக்கும் சந்தையில் நாலு ரிப்பன் உள்ள ஒரு பட்டையை 40 யூரோ கொடுத்து வாங்கினேன். முதலில் கருப்பு வெள்ளை. அடுத்தது கருப்பு வெள்ளை நடுவே சிவப்பு, அதன் மேல் குட்டி வாள்கள். பிறகு இரண்டு நீலம், இரண்டிலும் சின்னக் கழுகு. இது யாருடையது? ஏமாந்துவிட்டேனா?

யாருடையது என்று சொல்ல முடியாது. எப்படிப்பட்ட ஆளுடையது என்று சொல்லலாம்.

உங்களுக்கு இடது கைப்பக்கம் இருப்பதுதான் மூத்த விருது. அங்கிருந்து படியுங்கள். கருப்பில் ஓரமாக வெள்ளைக் கோடு ஓடினால் அது 1914ஆம் ஆண்டின் இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு, போர்முனையில் இருந்தவருக்கு. வெள்ளையில் கருப்புக் கோடு என்றால் பின்களத்தில் பணி செய்தவருக்கு. ஏறக்குறைய 50 லட்சம் பேருக்குக் கொடுத்த விருது, அதனால் தனியாகப் பெரிய விலை கிடையாது.

நடுவில் சிவப்பு ஓடும் இரண்டாவது ரிப்பன் ஹிண்டன்பர்க் சிலுவை. குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் 1934 ஜூலை 13 அன்று அதை ஏற்படுத்தினார். அடுத்த மாதம் 2ஆம் தேதி இறந்தும் போனார். முதல் உலகப் போரில் பணி செய்தவர்கள் விண்ணப்பித்து வாங்க வேண்டிய பதக்கம் இது. மேலே குறுக்கு வாள் இருந்தால் போர்முனைக்காரர். அந்த வாள் வகை மட்டும் 60 லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. இதிலிருந்து உங்களுக்கு ஒரு தேதி கிடைக்கிறது: உங்கள் பட்டை 1934க்கு முன்னால் கட்டியதாக இருக்க முடியாது.

உங்கள் பட்டையின் சுவாரசியம் அந்த இரண்டு நீலத்தில்தான் இருக்கிறது. 1936இல் வந்த ராணுவ நீண்ட சேவை விருதுகளின் ரிப்பன் அது. கழுகு வெள்ளி நிறமானால் 4 அல்லது 18 ஆண்டுச் சேவை, தங்க நிறமானால் 12 அல்லது 25 ஆண்டு. ஆக, இந்த மனிதர் பெரும்பாலும் முதல் போரில் சண்டை போட்டு, தோற்ற பிறகும் வீட்டுக்குப் போகாமல் ராணுவத்திலேயே தங்கியவர். வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் ராணுவத்தை ஒரு லட்சம் பேருக்குள் அடக்கிவைத்திருந்த காலம் அது. லட்சக்கணக்கானவர்களைக் கழித்துவிட்டுப் பொறுக்கியெடுத்த ஆட்களில் ஒருவர். இரண்டாம் போரின் ரிப்பன் எதுவும் இல்லையே என்றால், பட்டையைக் கட்டியது 1936க்கும் 1939க்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஊகம் வேண்டாம்.

கழுகின் சிறகையும் பாருங்கள். விறைப்பாக விரிந்து நின்றால் தரைப்படை அல்லது கடற்படை. பறக்கிற தோரணையில் இருந்தால் விமானப்படை. 40 யூரோவுக்கு நீங்கள் ஏமாறவில்லை.

கேள்வி: இணையத்தில் ஒருவர் மூன்று ரிப்பன் பட்டை விற்கிறார். கருப்பு வெள்ளை இரண்டு முறை வருகிறது, இரண்டாவதன் மேல் கிரீடமும் வாளும். "மிக அரிது" என்று சாதாரணப் பட்டையைப் போல் பத்து மடங்கு கேட்கிறார். வாங்கலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். நானும் இதே பட்டையில் சூடுபட்டவன்.

கிரீடமும் வாளும், அப்போது ஜெர்மனியை ஆண்ட ஹோஹென்சொல்லர்ன் அரச குடும்பத்தின் விருதுக்கு அடையாளம். போர்க்காலத்தில் வாளோடு கொடுத்த அந்த விருதை இரும்புச் சிலுவையின் ரிப்பனிலேயே அணிந்தார்கள். அதில் வாள் சேர்ந்த ‘நைட்’ (Knight) வகுப்பு சுமார் 8,000 பேருக்குத்தான் கிடைத்தது, அதுவும் அதிகாரிகளுக்கு. ஒரு பக்கம் 50 லட்சம், இன்னொரு பக்கம் 8,000. இரண்டையும் பிரித்துக்காட்டுவது சுண்டுவிரல் நகத்தளவு உலோகத் துண்டு ஒன்றுதான். அந்தத் துண்டு தனியாகவும் விற்கிறது, நகலாகவும் விற்கிறது. மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பல வருடம் முன்னால் பவேரியாவில் ஒரு சின்ன ஊர்ச் சந்தை. விற்றவர் வயதானவர், "என் தாத்தாவுடையது" என்றார். நான் ரிப்பனைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன், அதுதான் தப்பு. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ரிப்பன் அசல், தகடு அசல், பின்னால் தைத்த கம்பளித் துணி கூட அசல். கிரீடத்தை நுனி விரலால் மெல்லத் தூக்கினேன். வெயில் படாமல் அத்தனை வருடம் மூடிக் கிடந்த துணி கீழே கொஞ்சம் அடர்த்தியாக, கிரீடத்தின் நிழல் போல இருக்க வேண்டும். இல்லை. சுற்றிலும் எப்படி வெளிறியிருந்ததோ அப்படியே அடியிலும் வெளிறியிருந்தது. துணிக்குள் மடக்கிய முள் புதுக் குண்டூசி மாதிரி பளபளத்தது. துரு இல்லை, துருக்கறையும் இல்லை. இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி ஓட்டை வேறு. அங்கே முன்பு வேறெதுவோ உட்கார்ந்திருந்திருக்கிறது.

ஆக, பழைய சாதாரணப் பட்டையில் யாரோ ஐந்து நிமிட வேலை செய்திருக்கிறார்கள். ரிப்பன் பட்டையில் நடக்கும் மோசடி பெரும்பாலும் இந்த ரகம்தான். முழுசாகப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. அசல் துண்டுகளை வைத்தே அசலாக இல்லாத ஒரு ஆளைத் தைத்துவிடுகிறார்கள்.

அதனால் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: பட்டையின் பின்புறம், கிரீடம் பக்கவாட்டில் தெரிகிற மாதிரி ஒன்று, ரிப்பன்கள் ஒன்றோடொன்று சேரும் இடம். சேருமிடத்தில் ஒரு ரிப்பன் மட்டும் பளிச்சென்று, பக்கத்து ரிப்பன் அழுக்காக இருந்தால் அது பிறகு வந்த விருந்தாளி. உண்மையில் அணிந்த பட்டையில் எல்லாம் சேர்ந்தே வெளிறும். மேல் விளிம்பில் தூசியும் வியர்வையும் சேர்ந்த பழுப்புக் கோடு இடைவெளி இல்லாமல் ஓடும். படம் தர மறுத்தாலோ, "அதெல்லாம் நம்பிக்கைதான் சார்" என்கிற தோரணையில் பதில் வந்தாலோ, விட்டுவிடுங்கள். பட்டைக்கு விலை கொடுங்கள், கதைக்குக் கொடுக்காதீர்கள்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். இரும்புச் சிலுவை முதல் வகுப்புக்கு ரிப்பனே கிடையாது, நேராகச் சட்டையில் குத்துவது. போர்க்காலப் பட்டையைக் காட்டி "இந்த ரிப்பன் முதல் வகுப்பு" என்று யாராவது சொன்னால், அவருக்குத் தெரியவில்லை அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

கேள்வி: சிவப்பு, வெள்ளை, கருப்பு சேர்ந்த ரிப்பன் இரண்டு விதமாக இருக்கிறதே, எப்படிப் பிரிப்பது?

நடுவில் என்ன நிறம் என்று பாருங்கள், போதும். நடுவில் அகலச் சிவப்பு, ஓரம் கருப்பு என்றால் 1939 இரும்புச் சிலுவை. நடுவில் கருப்பு, ஓரம் சிவப்பு என்றால் அதே ஆண்டு வந்த போர்ச் சேவைச் சிலுவை. சிவப்பு முழுக்க ஓட, நடுவில் மட்டும் மெல்லிய வெள்ளை, கருப்பு, வெள்ளைக் கோடு என்றால் ரஷ்யப் பனிக்காலப் பதக்கம். 1941 நவம்பர் 15 முதல் 1942 ஏப்ரல் 15 வரை கிழக்கு முனையில் விறைத்தவர்களுக்கு. சிப்பாய்களே அதற்கு "உறைந்த இறைச்சி விருது" என்று பெயர் வைத்தார்கள். அதிகாரபூர்வப் பெயரைவிடப் பொருத்தமான பெயர்.

கேள்வி: சென்னைக்காரன், இப்போது லண்டனில். ஒரு வியாபாரி இரண்டு ரிப்பன் பட்டையைக் காட்டி "எம்டன் மாலுமியுடையது" என்கிறார். மெட்ராஸில் குண்டு போட்ட அதே எம்டன்! வாங்கத் துடிக்கிறது.

துடிக்கத்தான் செய்யும். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது, அதன் பேர் தமிழில் ஒரு சொல்லாகவே நின்றுவிட்டது. "அவன் பெரிய எம்டன்" என்று சொல்லாத தாத்தா உண்டா? அந்தத் துடிப்புக்குத்தான் அவர் விலை போடுகிறார்.

எம்டன் என்று சொல்கிற ரிப்பன் எதுவும் கிடையாது. அந்த ஆண்டு நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் எம்டன் வீழ்ந்தது. ஜெர்மன் பேரரசர் கெய்சர், கப்பல் தலைவர் ஃபான் ம்யூல்லருக்கும், அதிகாரிகளுக்கும், மாலுமிகளில் 50 பேருக்கும் இரும்புச் சிலுவை கொடுத்தார். அவர்கள் குத்தியிருந்த ரிப்பனும், பிரான்ஸில் பதுங்குகுழியில் கிடந்தவர் குத்தியிருந்ததும் ஒரே ரிப்பன். அந்த வியாபாரி காட்டுவது சிலுவையும் ஹிண்டன்பர்க்கும் என்றால், அது ஜெர்மனியில் தெருவுக்குத் தெரு இருந்த ஜோடி.

கப்பல் பெயரை நிரூபிப்பது காகிதம்தான். பெயர் எழுதிய விருதுச் சான்றிதழ், ராணுவச் சேவைப் புத்தகம், அதே வரிசையில் அதே பட்டை மார்பில் தெரிகிற புகைப்படம். இன்னொரு துப்பும் உண்டு: தப்பிப் பிழைத்தவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு "எம்டன்" என்று சேர்த்துக்கொள்ள அனுமதி இருந்தது, பலர் சேர்த்துக்கொண்டார்கள். காகிதத்தில் அப்படியொரு பெயர் இருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். ஆனால் காகிதத்தையும் பட்டையையும் வேறு வேறு இடத்தில் வாங்கி ஒரே உறையில் போட்டு விற்பதும் நடக்கிறது. காகிதத்தில் உள்ள விருதுகளும் ரிப்பன்களும் எண்ணிக்கை பிசகாமல் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தேதியையும் பாருங்கள். 1916இலும் 1925இலும் அதே பெயரில் வேறு போர்க்கப்பல்கள் வந்தன, அவற்றின் மாலுமி மெட்ராஸைக் கொளுத்தியவர் இல்லை.

எம்டன் நினைவாகத்தான் ஏதாவது வேண்டும் என்றால் எதிர்ப்பக்கம் தேடுங்கள். எம்டனிலிருந்து எடுத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களைப் பதக்கமாகக் கோத்து சிட்னி கப்பல் மாலுமிகளுக்குக் கொடுத்தார்கள். விலை அதிகம்தான். ஆனால் கப்பல் பெயர் அதிலேயே பொறித்திருக்கும்.

கேள்வி: புற ஊதா டார்ச் அடித்து, ஒளிர்ந்தால் போலி என்கிறார்களே?

பாதி உண்மை. துணியைப் பளிச்சென்று காட்டும் ஒளிர்வு ரசாயனம் பரவலானது போருக்குப் பிறகுதான். சலவைத் தூளில் துவைத்த வெள்ளைச் சட்டை அந்த விளக்கில் நீலமாகத் தகதகப்பது அதனால்தான். எனவே ரிப்பனோ தைத்த நூலோ ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். ஆனால் அசல் பட்டையை ஒரு பாட்டியம்மா 1970இல் சோப்புத் தூளில் அலசியிருந்தாலும் அது ஒளிரும். ஒளிராவிட்டால் அசல் என்றும் முடிவு கட்ட முடியாது, நான் வாங்கிய பவேரியப் பட்டை துளிகூட ஒளிரவில்லை.

கேள்வி: என்னிடம் உள்ள பட்டையில் ஸ்வஸ்திகா எங்கேயும் இல்லை, இரும்புச் சிலுவையின் குட்டி உருவம் ரிப்பன் மேல் ஒட்டியிருக்கிறது. போலியா? ஜெர்மனியில் வீட்டில் வைத்திருந்தால் வம்பா?

போலி இல்லை, காலம் வேறு. 1957இல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது: போர்க்கால விருதுகளை அணியலாம், ஸ்வஸ்திகாவை எடுத்துவிட வேண்டும். அதன்படி செய்த பட்டைகளை "57 வகை" என்பார்கள். ரிப்பன் இல்லாத முதல் வகுப்பையும் காயப் பதக்கத்தையும் குட்டி உருவமாக ரிப்பன் மேல் வைத்தது அப்போதுதான். இதில் ஒரு சோதனை இருக்கிறது. போருக்கு முன் நாஜி ஜெர்மனி ஆஸ்திரியா, சுடேட்டன், மேமல் பகுதிகளைச் சேர்த்துக்கொண்டதற்கான மூன்று பதக்கங்களை அந்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. படை நுழைந்தபோது குண்டுக்குப் பதில் பூமாலை விழுந்ததால் அவற்றை "பூப் போர்கள்" என்று கேலியாகச் சொல்வார்கள். 57 வகைப் பட்டையில் பச்சை, வெள்ளை, சிவப்பு மேமல் ரிப்பன் இருந்தால், பின்னால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

சட்டம்: குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு நாஜி சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவதையும் பரப்புவதையும் தடுக்கிறது. ஆய்வு, கல்வி, வரலாறு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ரிப்பனில் சின்னமே கிடையாது, சிக்கல் அதன் மேல் உட்காரும், ஸ்வஸ்திகாவைப் பிடித்த குட்டிக் கழுகில்தான். வீட்டுப் பெட்டியில் இருப்பதற்கு யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் படமெடுத்து ஊருக்கே தெரிகிற மாதிரிப் போடுவதற்கு முன்னால் யோசியுங்கள், ஜெர்மன் ஏலக்காரர்களே அந்த இடத்தை மறைத்துத்தான் படம் போடுகிறார்கள். நாஜிகளின் எஸ்.எஸ். படையின் மின்னல் போன்ற ரூன் எழுத்து உட்கார்ந்த நீல ரிப்பன் கண்ணில் பட்டால் சட்டத்துக்கு முன்னால் பர்ஸை நினையுங்கள். அதில் போலி மிக அதிகம்.

கேள்வி: அழுக்கைத் துவைக்கலாமா?

தொடாதீர்கள். கருப்புச் சாயம் வெள்ளையில் இறங்கிவிடும், உள்தகடு துருப்பிடிக்கும். மேலே சொன்ன அந்தப் பழுப்புக் கோடும் தண்ணீரோடு போய்விடும். விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் தேடப்போவது அதைத்தான்.