அட்வான்ஸ் வாங்கியது யார் தப்பு?

கேள்வி: செங்குன்றம் அரிசி ஆலைகளில் இருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களை 'மீட்கிறார்கள்'. அட்வான்ஸைக் கை நீட்டி வாங்கியவர்கள்தானே? யாரும் கையைக் காலைக் கட்டித் தூக்கிப் போகவில்லையே. இதற்குப் போய் ஆட்கடத்தல் வழக்கா?
- ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: கொருக்குப்பேட்டையில் தண்டல் வாங்காத வீடு எத்தனை இருக்கும்? தவணை தவறினால் தண்டல்காரர் வாசலில் நின்று கத்துவார், மானம் போகும். அதற்காக உங்கள் மனைவி, பிள்ளைகளை அழைத்துப்போய்க் கணக்குத் தீரும்வரை தன் இடத்திலேயே வேலை வாங்குவாரா? விடுவீர்களா?

ஆலையில் நடப்பது அதுதான். வாங்கியது சில ஆயிரம். இரவில் நெல் அவிக்க வேண்டும், பகலில் களத்தில் பரப்பிக் காலால் துழாவ வேண்டும். மேகம் கறுத்தால் குழந்தை குட்டியோடு ஓடிப்போய்க் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். கூலியில் கடனுக்கென்று பிடித்தது போக மிச்சம் அரை வயிற்றுக்கு. ஊரில் சாவு என்றாலும் ஒருவர்தான் போகலாம். மற்றவர்கள் ஆலைக்குள் பிணை. கட்டுவதற்குக் கயிறு எதற்கு?

செங்குன்றம் பக்கம் இப்படி மீட்கப்பட்டவர்களில் பலர் இருளர் பழங்குடியினர். வங்கிப் படியை மிதிக்காதவர்கள். கணக்கு நோட்டு எப்போதும் முதலாளி கையில்.

சட்டத்துக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர். ஏமாற்றியோ மிரட்டியோ ஆசை காட்டியோ ஆளைச் சேர்த்துச் சுரண்டினால் அது ஆட்கடத்தல் என்கிறது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு. குறைந்தது 7 ஆண்டு சிறை. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே இல்லை. ஆக, கை நீட்டினார்களா என்ற உங்கள் கேள்வியைச் சட்டம் கேட்கவே இல்லை.

நஷ்டம் அவர்களோடு நிற்பதும் இல்லை. முறையாகக் கூலி கொடுக்கும் ஆலைக்காரர், கொத்தடிமைகளை வைத்து ஆலை நடத்துபவர்களோடு விலையில் எப்படிப் போட்டி போடுவார்? பள்ளிக்கூடம் பார்க்காமல் களத்தில் வளர்ந்த பிள்ளை நாளைக்கு எந்த வேலைக்குப் போகும்? அடுத்த அட்வான்ஸுக்குத்தான்.

உங்களுக்குக் கோபம் வர வேண்டிய இடம் வேறு. மீட்டவுடன் அரசிடமிருந்து கைக்கு வருவது 30 ஆயிரம் ரூபாய் வரை. ஆளையும் கொடுமையையும் பொறுத்து 1 லட்சம் முதல் 3 லட்சம் வரை மறுவாழ்வுத் தொகை உண்டு. ஆனால் அதை முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். வழக்கோ வாய்தா மேல் வாய்தா. அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே? வேறொரு ஆலையின் ஆள் புது அட்வான்ஸோடு குடிசை வாசலில் வந்து நிற்பான். அவர்கள் மறுபடி கை நீட்டுவார்கள். நீங்களும் மறுபடி எனக்கு இதே கேள்வியை எழுதுவீர்கள்.