கறுப்பு டி-ஷர்ட்டுக்கு எந்தக் கட்டர்?

கேள்வி: அக்கா, வணக்கம். வீட்டிலேயே டி-ஷர்ட் பிரின்ட் செய்து கொடுக்கிறேன். இதுவரை வெள்ளை பாலியஸ்டரில் சப்ளிமேஷன் (சூட்டில் மையை ஆவியாக்கித் துணியில் ஏற்றுவது) மட்டும்தான். இப்போது வருகிற ஆர்டர் எல்லாம் கறுப்பு, நேவி புளூ, மெரூன். சூட்டில் துணியில் ஒட்டும் வினைல் தாளை எழுத்து வடிவில் வெட்டும் வினைல் கட்டர் வாங்க நினைக்கிறேன். புதிய 12 அங்குல கிராஃப்ட் மெஷினா, ரேடியம் ஸ்டிக்கர் கடைக்காரர் ஒருவர் விற்கும் பழைய 24 அங்குல பிளாட்டரா (ரோல் வெட்டும் பெரிய கட்டர்)? மாதம் நூறு உருப்படி வரும். பெயர், நம்பர், சங்க லோகோ, எப்போதாவது போட்டோ.
- வாசகி, பெருந்துறை

பதில்: தங்கச்சி, 24 அங்குலமே வாங்குங்கள். டி-ஷர்ட்டில் ஒட்டும் வினைல் ரோல் பெரும்பாலும் 50 செ.மீ. அகலத்தில்தான் கிடைக்கிறது. 12 அங்குல மெஷினில் அது நுழையாது, கத்தியால் கிழித்துத்தான் போட வேண்டும். நானும் திருப்பூரில் சின்ன மெஷினோடுதான் தொடங்கினேன். மிஞ்சிய 20 செ.மீ. துண்டுகள் இரண்டு வருடம் கடை மூலையில் குவிந்து கிடந்தன. கபடி ஜெர்சி முதுகில் 10 அங்குல நம்பர், அதற்கு மேல் பெயர் என்றால் சின்ன மெஷினில் நீளவாக்கில் திருப்பித்தான் வெட்ட முடியும். ஒன்றிரண்டு உருப்படிக்குச் சரி. முப்பது ஜெர்சிக்கு நேரமும் வீண், ரோலும் வீண்.

ஆனால் பழைய பிளாட்டரைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பிளேடு ஓடும் பாதைக்கு அடியில் ஒரு பட்டை இருக்கும், விரலால் தடவிப் பாருங்கள். வருடக்கணக்கில் ரேடியம் வெட்டியதில் பள்ளம் விழுந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் வெட்டு ஆழம் மாறும். பட்டையை மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. ரோலை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளைகள் தேய்ந்திருக்கிறதா, அந்த மாடலுக்கு மாற்று உருளை இன்னும் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். உருளை சரியில்லை என்றால் ஒரு மீட்டர் நீளம் வெட்டுவதற்குள் ரோல் கோணிக்கொண்டு போய்விடும். 500 கிராம் அழுத்தம் கொடுக்கும் என்று சொல்லி விற்பார்கள். டி-ஷர்ட்டில் ஒட்டும் சாதாரண பி.யூ. (பாலியூரித்தேன்) வினைலுக்கு 150 கிராமே தாராளம். பிளேடு மேலே இருக்கும் வினைலை மட்டும் வெட்ட வேண்டும், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளில் கீறல் மட்டும் விழலாம். அந்த நிதானம்தான் வேண்டும், பலம் அல்ல.

போகும்போது உங்கள் வினைலில் ஒரு முழம் எடுத்துக்கொண்டு போங்கள். 45 டிகிரி பிளேடு, அதுவும் புதிது, ஒன்றும் கையில் இருக்கட்டும். 'நண்பர்கள் குழு' என்று இரண்டு செ.மீ. உயரத்தில் வெட்டச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தை எந்த மெஷினும் வெட்டிவிடும். ண், ழு இரண்டின் சுழியில்தான் குட்டு வெளிப்படும். சுழி தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேரவில்லை என்றால் மெஷினில் ஆட்டம் இருக்கலாம். மூலைகள் மழுங்கி வந்தால் பயப்பட வேண்டாம், பிளேடின் ஆஃப்செட் (பிளேடு நடுவிலிருந்து அதன் முனை விலகியிருக்கும் தூரம்) தப்பாக இருக்கும், பெரும்பாலும் 0.25 மி.மீ. வைத்தால் நேராகிவிடும். படிப்படியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டார் மெஷினில் சின்ன வளைவுகள் படிக்கட்டு மாதிரி வரலாம். தமிழ் எழுத்து நிறைய வெட்டுகிறவர்கள் சர்வோ மோட்டாருக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

அப்புறம், மெய்யெழுத்தின் புள்ளி இரண்டு மி.மீ.க்குக் குறைந்தால் வேண்டாத வினைலை உரிக்கும்போது அதுவும் கூடவே வந்துவிடும். நான் புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் வெட்டுகிறேன். 'கி', 'டி' எழுதும்போது பழைய ஃபான்டுகளில் கொக்கி தனியாக எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் வெல்ட் கொடுத்து (இரண்டையும் ஒரே வடிவமாகச் சேர்த்து) அனுப்பாவிட்டால் பிளேடு எழுத்துக்குக் குறுக்கே ஓடிவிடும். வெட்டும் முன் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியாயிற்றா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

இனி கறுப்புத் துணிக்கு வருகிறேன். சப்ளிமேஷன் மை கண்ணாடி மாதிரி, அடியில் இருக்கும் நிறம் தெரியும். அதனால்தான் அடர்ந்த துணியில் வினைல் தேவைப்படுகிறது. மலிவான மெல்லிய வெள்ளை வினைலும் கறுப்பில் சாம்பல் அடித்துத்தான் தெரியும். ரோல் வாங்கும் கடையிலேயே கறுப்புத் துணி மேல் விரித்துப் பாருங்கள்.

மெரூன் பாலியஸ்டர் இன்னும் பொல்லாதது. என் கடையில் 22 ஜெர்சிக்கு வெள்ளை நம்பர் போட்டேன். 160 டிகிரி, 15 விநாடி. சாயங்காலம் பளிச்சென்று இருந்தது. மறுநாள் காலை அத்தனையும் ரோஜா நிறம். சப்ளிமேஷனில் நாம் விரும்பிச் செய்கிற அதே காரியம் இங்கே விரும்பாமல் நடந்துவிடுகிறது: சூட்டில் துணியின் சாயம் ஆவியாகி வெள்ளை வினைலுக்குள் ஏறிக்கொள்கிறது. 22 ஜெர்சியையும் நானே வாங்கித் திரும்பச் செய்து கொடுத்தேன். சாயத்தைத் தடுக்கும் அடுக்கு உள்ள வினைலைக் கேட்டு வாங்குங்கள். 130 டிகிரிக்குள் ஒட்டும் ரகமாக இருக்கட்டும். முதலில் ஒன்றை மட்டும் ஒட்டி, ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். காட்டன் டி-ஷர்ட்டில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

போட்டோவுக்காக, அச்சடித்த படத்தைச் சுற்றி வெட்டும் 'கண்' வைத்த கட்டர் தேடாதீர்கள். பல நிறப் படங்களை டி.டி.எஃப். ஆக (ஃபிலிமில் அச்சடித்து, சூட்டில் துணிக்கு மாற்றுவது) மீட்டர் கணக்கில் இங்கே அச்சடித்துத் தருகிறார்கள். வெள்ளை மை அடியிலேயே இருப்பதால் கறுப்பில் அப்படியே ஒட்டிக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தை, சூடாக அழுத்தி ஒட்டும் ஹீட் பிரஸ்ஸில் போடுங்கள். தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் ஒரே சூடு இருக்கிற பிரஸ் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அக்கா, ஒட்டிய வினைல் இரண்டாவது துவையலிலேயே ஓரத்தில் தூக்குகிறது. வினைல் மோசமா?
- வாசகர், பல்லடம்

பதில்: தம்பி, முதலில் துணியைச் சந்தேகப்படுங்கள். மெத்தென்று இருக்க சிலிகான் சாஃப்ட்னர் அதிகம் போட்ட துணியில் பசை பிடிக்காது. துவைத்துக் காயவைத்த ஒரு டி-ஷர்ட்டில் ஒட்டிப் பாருங்கள். அது நின்றால் குறை துணியில்தான். ஒட்டும் முன் வெறும் துணியை ஐந்து விநாடி அழுத்தி ஈரத்தைப் போக்குங்கள். தையலோ காலரோ தட்டுக்கு அடியில் மாட்டியிருந்தால் பக்கத்தில் அழுத்தமே விழாது. துணிக்குள் ஒரு ஃபோம் மெத்தை வைத்தால் சரியாகும். ஒட்டிய 24 மணி நேரத்துக்குத் துவைக்க வேண்டாம் என்று வாங்குகிறவரிடம் சொல்லி அனுப்புங்கள், நான் கவர் மேலேயே எழுதிவிடுகிறேன்.