சிஸ்டம் அட்மினுக்கு எந்தச் சான்றிதழ்? கடற்கரை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கணினி அறிவியல் பட்டம் முடித்து, கீழக்கரையில் ஒரு கணினிக் கடையில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். துபாயில் இருக்கும் மச்சான் ஏதாவது சான்றிதழுடன் வரச் சொல்கிறார். ஏ பிளஸ் எழுதலாமா, சி.சி.என்.ஏ. எழுதலாமா?

பதில்: ஏ பிளஸ் என்பது கணினிப் பழுதுபார்ப்புக்கான அடிப்படைச் சான்றிதழ்; இரண்டு தாள்கள், இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். அதில் கேட்கப்படுவதில் பெரும்பகுதியை நீங்கள் கடையில் அன்றாடம் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள் என்பதால், அந்தப் பணத்தை சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழான சி.சி.என்.ஏ.வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது 120 நிமிடங்களில் எழுதும் ஒரே தாள். முன்பு துறைவாரியாகப் பிரிந்து கிடந்த பல சி.சி.என்.ஏ.க்களை, 24 பிப்ரவரி 2020 முதல் 200-301 என்ற ஒரே தேர்வாக சிஸ்கோ மாற்றிவிட்டது. ஆகையால் அதற்கு முந்தைய பழைய புத்தகத்தை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பயிற்சிக்கு, நெட்வொர்க்கைத் திரையிலேயே அமைத்துப் பார்க்கும் பேக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய மடிக்கணினியிலும் ஓடும். நெட்வொர்க் முகவரிகளைப் பிரிக்கும் சப்நெட் கணக்கைத் தாளும் பேனாவும் இல்லாமல் மனத்திலேயே போடும் அளவுக்குப் பழகிய பிறகு தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். சான்றிதழ் மூன்று ஆண்டுகளே செல்லும். எனவே பயணம் உறுதியாகும் காலத்தை ஒட்டி எழுதுவதே நல்லது.

கேள்வி: இராமநாதபுரத்தில் ஒரு நிறுவனத்தின் விண்டோஸ் சர்வர்களை எட்டு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். எம்.சி.எஸ்.இ. வாங்கித் தருவதாக ஒரு பயிற்சி மையம் சொல்கிறது. சேரலாமா?

பதில்: வேண்டாம். எம்.சி.எஸ்.ஏ., எம்.சி.எஸ்.இ. ஆகிய தன் இரண்டு சான்றிதழ்களையும் 31 ஜனவரி 2021 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இல்லாத சான்றிதழை யாராலும் வாங்கித் தர முடியாது. உங்கள் அலுவலகம், இணையம் வழியாக சர்வர்களை வாடகைக்குத் தரும் மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூருக்கு நகரும் எண்ணத்தில் இருந்தால் ஏ.இசட்.-104 தேர்வு பொருத்தமானது. மைக்ரோசாஃப்டின் இவ்வகைச் சான்றிதழ்கள் ஓராண்டே செல்லும் என்றாலும், காலாவதிக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் வீட்டிலிருந்தபடியே கட்டணமின்றிப் புதுப்பித்துக்கொள்ளலாம். சர்வர் அந்த அறையிலேயே இருக்கப் போகிறது என்றால், பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியைப் பவர்ஷெல் கட்டளைகள் வழியாக நிர்வகிக்கப் பழகுவதே இப்போதைக்கு உங்களுக்கு அதிகம் உதவும்.

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன், அப்பா விசைப்படகு வைத்திருக்கிறார். லினக்ஸ் பிடித்திருக்கிறது. ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் எப்போது என்பதைக் கடலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மின்சாரமும் இணையமும் எந்த நேரத்தில் போகும் என்று தீவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கண்காணிப்புடன் நடக்கும் தேர்வில் இணைப்பு அறுந்தால் நேரமும் நிதானமும் சேர்ந்தே போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களில் படகு வேலை குறைவாக இருக்கும். ஆனால் வீட்டில் பணமும் அப்போது குறைவு. அந்த நாட்களைப் படிப்புக்கு வைத்துக்கொண்டு, படகு மீண்டும் கடலுக்குப் போன பிறகு கட்டணம் கட்டி, மழைக்கு முன் எழுதிவிடுங்கள்.

இந்தத் தேர்வில் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கணினியைக் கொடுத்து, பயனர் கணக்கு, வட்டு இடத்தைப் பிரிக்கும் எல்.வி.எம்., பாதுகாப்பு விதிகளுக்கான எஸ்.ஈ.லினக்ஸ், மறந்துபோன ரூட் (தலைமை நிர்வாகி) கடவுச்சொல்லை மாற்றுவது என்று வேலைகளாகவே தருவார்கள். தேர்ச்சிக்கு 300-க்கு 210 வேண்டும். நீங்கள் செய்த மாற்றம் கணினியை மறுபடி தொடங்கிய பிறகும் நிலைத்திருந்தால்தான் மதிப்பெண். பயிற்சியின்போது, தொடங்கும் நேரத்தில் எந்த வட்டுகளை இணைப்பது என்று கணினிக்குச் சொல்லும் எஃப்.எஸ்.டேப் கோப்பில் ஒரே ஓர் எழுத்தைத் தவறாக அடித்துவிட்டு, இயந்திரம் எழும்பாமல் ஓர் இரவு முழுக்க நான் விழித்துக் கிடந்திருக்கிறேன். அந்த இரவு கற்றுத் தந்ததை எந்த வகுப்பும் தரவில்லை. ரெட் ஹாட் லினக்ஸைப் போலவே இயங்கும் அல்மா லினக்ஸ் அல்லது ராக்கி லினக்ஸைக் கொண்டு இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள் (கணினிக்குள் ஓடும் கணினிகள்) அமைத்துக்கொள்ளுங்கள், 8 ஜி.பி. நினைவகம் போதும். ரெட் ஹாட்டின் டெவலப்பர் சந்தாவும் தனிநபருக்கு இலவசமே.

கேள்வி: டம்ப்ஸ் (கசிந்த தேர்வுக் கேள்விகள்) படித்து எழுதினால் என்ன? எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்? (தொண்டி வாசகர்)

பதில்: கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்வார்கள். கண்டுபிடிக்காவிட்டால், நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ஓராண்டு அனுபவம் இருக்கிறது. நேராக, கணினிப் பாதுகாப்புக்கான உயர்நிலைச் சான்றிதழான சி.ஐ.எஸ்.எஸ்.பி. எழுதலாமா? (தேவிபட்டினம்)

பதில்: தேர்வை எழுதத் தடையில்லை, ஆனால் முழுச் சான்றிதழுக்கு, அதன் எட்டுப் பிரிவுகளில் குறைந்தது இரண்டில் ஐந்து ஆண்டு அனுபவம் கேட்பார்கள், பட்டப்படிப்புக்கு ஓராண்டு கழிவு உண்டு. இப்போது அதே துறையின் அடிப்படைத் தேர்வான செக்யூரிட்டி பிளஸ் எழுதுங்கள்.

கேள்வி: குழந்தைக்காக நான்கு ஆண்டுகள் வேலையை விட்டிருந்தேன். மண்டபத்திலிருந்தே செய்யக்கூடிய கிளவுட் வேலைக்கு எதைப் படிக்கலாம்?

பதில்: முன்பு சர்வர் வேலை பார்த்தவர் என்றால், அடிப்படைத் தாளைத் தாண்டி நேராக, அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ். நடத்தும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் எழுதலாம்: 65 கேள்விகள், 130 நிமிடங்கள், தேர்ச்சிக்கு 1000-க்கு 720. இடைவெளியைச் சுயவிவரத்தில் மறைக்காதீர்கள். அதற்குக் கீழே, நீங்களே அமைத்த ஒரு சிறு வலைத்தளத்தையும் அதன் பேக்கப் முறையையும் எழுதுங்கள். பயிற்சிக் கணக்கு தொடங்கிய அன்றே, முதல் சர்வரை உருவாக்கும் முன், செலவு எச்சரிக்கையை அமைத்துவிடுங்கள். அணைக்க மறந்த ஒரு நாட் கேட்வே (உள்ளே இருக்கும் சர்வர்களை இணையத்துடன் இணைக்கும் சேவை), யாரும் பயன்படுத்தாவிட்டாலும் மணிக்கணக்கில் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும்.