துப்பாக்கியைத் தனியாருக்கு விற்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

இந்தியாவில் உரிமத்தோடு சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் துப்பாக்கியைக் கடைக்குக் கொடுக்காமல் இன்னொரு தனிநபருக்கே விற்பதுதான் தனியார் விற்பனை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இதை அனுமதிக்கிறது. ஆனால் வாங்குபவரின் பெயர், முகவரியைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ மாவட்ட நடுவருக்கோ முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் குறைந்தது 45 நாள் பொறுக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு நாள்? வாங்குபவர் யார் என்று துப்பாக்கி கைமாறும் முன்பே விசாரிக்கத்தான். பைக்கை விற்றுவிட்டு ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் விட்டால், விபத்து நடந்ததும் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தானே தட்டும்? துப்பாக்கியில் பொறித்த எண்ணும் உங்கள் உரிமத்தில்தான் இருக்கிறது. எழுதிக் கொடுத்ததற்கு ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், தயவுசெய்து.

வாங்குபவரிடம் உரிமம் இருந்தால் உடனே கொடுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அவரிடம் உரிமம் இருந்தாலும் அந்த 45 நாள் உண்டு.